தேவர் பிலிம்ஸ்: ஒரு படநிறுவனம் தன் பெயரை விற்ற வரலாறு

தேவர் பிலிம்ஸ் என்பது கோயம்புத்தூர் இராமநாதபுரத்தைச் சேர்ந்த சாண்டோ எம். எம். ஏ. சின்னப்பா தேவர் (1915–1978) 1956-ல் தொடங்கிய திரைப்படத் தயாரிப்பு நிறுவனம். எம்.ஜி.ஆர். நடித்த 16 படங்களை எடுத்த நிறுவனம் என்றே பலரும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஊடகம் பயிலும் மாணவர்களுக்கு அது வேறொரு காரணத்தாலும் முக்கியமானது. 'பிராண்டு', 'இலக்குப் பார்வையாளர்' போன்ற சொற்கள் தமிழ்ப் பட உலகில் புழங்காத காலம் அது. அப்போதே, சுவரொட்டியில் 'தேவர் பிலிம்ஸ்' என்ற எழுத்தைப் பார்த்தவுடன் கொட்டகைக்குள் என்ன கிடைக்கும் என்பது பார்வையாளருக்குத் தெரிந்திருந்தது. ஒரு தாய், நல்ல சண்டை, ஏதாவது ஒரு மிருகம், எங்கோ ஓரிடத்தில் முருகன்.

ஒரே படத்துக்குள் இரண்டு பெயர்கள் விற்கப்பட்டன என்பதுதான் இந்த வரலாற்றின் சிக்கலான பகுதி. ஒன்று நிறுவனத்தின் பெயர். மற்றொன்று நடிகரின் பெயர். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தன. பிரிய நேர்ந்தபோது எது யாருடையது என்ற கேள்வி எழுந்தது.

சாண்டோ என்ற பெயர்

சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் நிற்கும் 'சாண்டோ' தமிழ்ச் சொல் அன்று. பிரஷ்யாவில் 1867-ல் பிறந்த யூஜின் சாண்டோ என்ற பயில்வானின் பெயர் அது. அவர் மேடையில் எடை தூக்கிக் காட்டியதோடு நிற்கவில்லை. 1898 முதல் தன் பெயரில் உடற்பயிற்சி இதழ் நடத்தினார். தன் பெயர் தாங்கிய பயிற்சிக் கருவிகளை விற்றார். 1901-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் உடற்கட்டுப் போட்டி ஒன்றை நடத்தினார். 1904–05-ல் இந்தியாவுக்கும் வந்து காட்சிகள் நடத்திவிட்டுப் போனார். ஒரு மனிதர் தன் உடம்பையே வணிகப் பெயராக மாற்றி, அச்சு இதழாலும் புகைப்படத்தாலும் உலகமெங்கும் விற்ற முதல் எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்று. பின்னர் இந்நாட்டில் கட்டான உடம்புள்ளவர்களுக்கு அந்தப் பெயர் பட்டமாகவே ஆகிவிட்டது. கோவையில் எளிய குடும்பத்தில் பிறந்து, இளமையில் மில் வேலைக்குப் போய், உடற்பயிற்சியில் பெயரெடுத்த ஓர் இளைஞருக்கும் அது வந்து சேர்ந்தது. படம் எடுக்கத் தொடங்குவதற்கு முன்பே, பெயருக்கு என்ன வலிமை உண்டு என்பதை அவர் சொந்த உடம்பில் சுமந்துகொண்டிருந்தார் என்று சொல்லலாம்.

கோவைக்கும் சினிமாவுக்கும் உள்ள தொடர்பு பழையது. இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் அரங்கைக் கட்டினார். பைக்காரா நீர்மின்சாரம் 1930களில் வந்தபின் பஞ்சாலைகள் பெருகின. அதே பத்தாண்டில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் தோன்றியது. அடுத்த பத்தாண்டில் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா வந்தது. மாதச் சம்பளம் கையில் வாங்கும் மில் தொழிலாளியும், சந்தைக்கு வந்து திரும்பும் வழியில் படம் பார்க்கும் விவசாயக் குடும்பமும் ஒரே ஊரில் கூடிய இடம் கோவை. சின்னப்பா தேவருக்குத் தெரிந்த பார்வையாளர்கள் இவர்கள்தாம். எந்தச் சந்தை ஆய்வையும் விட, அவர்களோடு வாழ்ந்த வாழ்க்கையே அவருக்கு உதவியது.

எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படமான 'ராஜகுமாரி' (1947) ஜூபிடர் நிறுவனத்துக்காகக் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவானது. அதில் சின்னப்பா தேவரும் நடித்தார். இருவரும் உடற்பயிற்சியில் ஆர்வம் உடையவர்கள், வாய்ப்புக்காகக் காத்திருந்தவர்கள். அந்தப் பழக்கத்தின் பயன்தான் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த 'தாய்க்குப்பின் தாரம்' (1956). தேவர் பிலிம்ஸின் முதல் படம் அது. தேவரின் தம்பி எம். ஏ. திருமுகம் இயக்கினார். பானுமதி கதாநாயகி. எம்.ஜி.ஆர். காளையை அடக்கும் காட்சி படத்தின் பெரிய கவர்ச்சியாக இருந்தது. தாய், மிருகம், வீரம் மூன்றும் முதல் படத்திலேயே வந்துவிட்டன.

தலைப்பே விளம்பரம்

முதல் படத்துக்குப் பின் எம்.ஜி.ஆருக்கும் தேவருக்கும் இடையே ஐந்தாண்டு இடைவெளி ஏற்பட்டது. அந்த இடைவெளியில் 'நீலமலைத் திருடன்' (1957), 'செங்கோட்டை சிங்கம்' (1958), 'வாழ வைத்த தெய்வம்' (1959), 'யானைப்பாகன்' (1960), 'கொங்குநாட்டு தங்கம்' (1961) போன்ற படங்கள் வந்தன. 1961 தீபாவளிக்கு 'தாய் சொல்லைத் தட்டாதே' வெளியானது. அதிலிருந்து 1968 வரை இருவரும் சேர்ந்து 14 படங்கள். எல்லாவற்றையும் இயக்கியவர் திருமுகம், இசை கே. வி. மகாதேவன். ஒரே கடையில் ஒரே கைப்பக்குவத்தில் செய்த பலகாரம் போல அந்தப் படங்களுக்கு ஒரு நிலையான சுவை இருந்ததற்கு இந்த மாறாத குழுவும் ஒரு காரணம்.

16 படங்களின் தலைப்புகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். ஐந்து தலைப்புகளில் தாய் இருக்கிறாள்: தாய்க்குப்பின் தாரம், தாய் சொல்லைத் தட்டாதே, தாயைக் காத்த தனயன், கன்னித்தாய், தாய்க்குத் தலைமகன். சில தலைப்புகள் பழமொழி அல்லது அறவுரை போல ஒலிக்கின்றன: தர்மம் தலைகாக்கும், நீதிக்குப்பின் பாசம். சில ஒரு தொழிலைச் சொல்கின்றன: வேட்டைக்காரன், தொழிலாளி, விவசாயி. இன்னும் சில நாயகரின் அதிர்ஷ்டத்தையும் தனித்தன்மையையும் சொல்கின்றன: முகராசி, தனிப்பிறவி, நல்ல நேரம்.

இவை தற்செயலாக அமைந்தவை என்று கொள்ள முடியாது. அன்றைய பார்வையாளர்களில் பலருக்கு எழுத்துப் பழக்கம் குறைவு. படச் செய்தி அவர்களை எட்டியது ஒலிபெருக்கி கட்டிய வண்டியாலும், பிட் நோட்டீஸாலும், வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்துக் கூட்டிச் சொன்னதாலும்தான். அப்படிக் காதில் விழுந்தவுடன் புரிய வேண்டும். கேட்டவர் இன்னொருவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். 'தாய் சொல்லைத் தட்டாதே' என்பதை மறக்க முடியாது, ஏனென்றால் அது ஏற்கெனவே வீட்டில் புழங்கும் பேச்சு. அந்தத் தலைப்பு இன்னொரு வேலையும் செய்தது. பெண்களைப் படத்துக்கு அனுப்பலாமா என்று தயங்கிய குடும்பத்துக்கு, இது பிள்ளைகளோடு பார்க்கத்தக்க படம் என்ற உறுதியை வாசலிலேயே கொடுத்தது. திரையில் புகைக்காத, குடிக்காத நாயகர் என்ற எம்.ஜி.ஆரின் பெயரும் அந்த உறுதிக்குத் துணை நின்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'தாய்க்குலம்' என்று போற்றப்பட்ட பெண்களே இப்படங்களின் பெரிய பார்வையாளர் கூட்டம். ஆனால் தாயாக வரும் பெண்ணுக்குக் கிடைத்த மதிப்பு, காதலியாக வரும் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. படித்தவளாக, துடுக்கானவளாக வரும் கதாநாயகி நாயகரால் திருத்தப்படுவது அக்காலப் படங்களில் அடிக்கடி வரும் காட்சி. முதல் படத்தின் தலைப்பே தாய்க்கு முதலிடம், தாரத்துக்கு அடுத்த இடம் என்று வரிசை வகுத்துவிடுகிறது. யாருக்குப் பொருள் விற்கப்படுகிறதோ அவர்களைப் பற்றிய ஒரு கருத்தும் சேர்த்தே விற்கப்படும் என்பதற்கு இது தெளிவான சான்று.

தொழில்முறையிலும் தேவர் ஒரு நம்பிக்கையை விற்றார். பூஜை போடும் நாளிலேயே வெளியீட்டு நாளையும் குறித்துவிடுவார் என்று திரையுலகில் சொல்வார்கள். வெளியீட்டு நாள்களே அந்தப் பேச்சுக்கு வலுச் சேர்க்கின்றன. 1961-ல் தீபாவளி, 1962-ல் தமிழ்ப் புத்தாண்டும் ஆகஸ்ட் 15-ம், 1963-ல் மீண்டும் ஆகஸ்ட் 15, 1964-ல் பொங்கல். கையில் காசும் விடுமுறையும் சேர்ந்து இருக்கும் நாள்கள் இவை. ஏரியா பிரித்துப் படம் வாங்கும் விநியோகஸ்தருக்குச் சொன்ன நாளில் பெட்டி வரும் என்ற உறுதி மிகப் பெரிய விஷயம். பார்வையாளரைப் போலவே விநியோகஸ்தரும் ஒரு வாடிக்கையாளர் என்பதைப் பல தயாரிப்பாளர்கள் மறந்தார்கள். தேவர் மறக்கவில்லை. 1964 பொங்கலுக்குச் சிவாஜி கணேசனின் 'கர்ணன்' வண்ணத்தில், பெரும் பொருட்செலவில் வந்தது. அதே நாளில் 'வேட்டைக்காரன்' கருப்பு வெள்ளையில் வந்தது. ஒன்று புராணப் பிரம்மாண்டத்தை விற்றது. மற்றொன்று தொப்பியும் துப்பாக்கியுமாக ஒரு நாயகரை விற்றது. இரண்டுக்கும் தனித்தனிப் பார்வையாளர்கள் இருந்தார்கள்.

ஊரின் பெயர் ஏன் இல்லை

கோவையில் பிறந்து, கோவையில் வளர்ந்து, மருதமலை முருகனைத் தன் தொழிலின் பங்குதாரராகவே கருதிய ஒருவர், கொங்கு நாட்டைத் தன் படங்களின் அடையாளமாக ஆக்கவில்லை. 'கொங்குநாட்டு தங்கம்' என்ற ஒரு தலைப்பு உண்டு. அந்த வழி பின்னர் தொடரவில்லை. எம்.ஜி.ஆர். படங்களில் வரும் கிராமம் எந்த மாவட்டத்துக் கிராமமும் அன்று. அது மதுரைக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் தம் ஊராக எண்ணிக்கொள்ளக்கூடிய கிராமம். பேச்சும் அப்படியே. தமிழ்நாடு முழுவதும், ஏன் இலங்கை, மலேயா வரையிலும் விற்க வேண்டிய சரக்குக்கு வட்டார முத்திரை தடையாகலாம் என்ற கணக்கு இதில் இருந்திருக்க வேண்டும்.

கொங்கு என்பதே விற்பனைக்குரிய முத்திரையாக மாறியது பிற்காலத்தில். சத்யராஜ், கவுண்டமணி போன்ற இப்பகுதிக் கலைஞர்களின் பேச்சு 1980களில் தமிழகம் முழுவதும் ரசிக்கப்பட்டது. பின் 'சின்ன கவுண்டர்' (1992), 'எஜமான்' (1993), 'நாட்டாமை' (1994) என்று, ஊர்ப் பெரியவரை நடுவில் வைத்த படங்கள் அடுத்தடுத்து வந்தன. வேட்டி, துண்டு, ஆலமரம், தீர்ப்பு என்று அவற்றுக்கும் ஒரு வாய்பாடு உருவானது. தேவர் படங்களில் தாய் வகித்த இடத்தில் இப்போது குலப்பெருமையும் ஊர்க்கட்டுப்பாடும் அமர்ந்தன. பெயர் தெரியாத ஊரில் தொழிலாளியாக வந்த நாயகர் எல்லாச் சாதிப் பார்வையாளரையும் சேர்த்துக்கொண்டார். பண்ணையார் வீட்டு நாயகரால் அப்படிச் சேர்த்துக்கொள்ள முடிந்ததா என்பது கேட்கவேண்டிய கேள்வி.

இரண்டு பெயர்கள், ஒரு படம்

எம்.ஜி.ஆர். 1953-ல் தி.மு.க.வில் சேர்ந்தவர், 1962-ல் சட்ட மேலவை உறுப்பினரானார். அவருக்கு ஒவ்வொரு படமும் தன்னைப் பற்றிய ஒரு சித்திரத்தை மக்களிடம் கொண்டுசேர்க்கும் வழி. உழைப்பாளி, உழவர், தாய்க்குப் பணியும் மகன், ஏழைக்குத் துணை. தேவர் பிலிம்ஸின் தலைப்புகள் இந்தச் சித்திரத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தின. எம். எஸ். எஸ். பாண்டியன் 1992-ல் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் 'பிம்பச் சிறை' என்று தமிழிலும் வந்த நூல், எம்.ஜி.ஆரின் பாத்திரங்களும் அரசியலும் எப்படிப் பின்னிக்கொண்டன என்பதை விரிவாக ஆராய்கிறது. உழைக்கும் மக்கள் தங்கள் உருவத்தைத் திரையில் கண்டு மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி வாக்காக மாறியபோது அவர்கள் வாழ்க்கை அதே அளவுக்கு மாறியதா என்பதே அந்நூலின் உள்ளீடான கேள்வி.

இரு பெயர்களும் உரசிய இடமும் உண்டு. தேவர் வாய் திறந்தால் 'முருகா' என்பவர். எம்.ஜி.ஆர். இருந்த கட்சி பகுத்தறிவு மரபில் வந்தது. 'ஒன்றே குலம் ஒருவனே தேவன்' என்பது அண்ணா வகுத்த நிலை. 'தனிப்பிறவி' (1966) படத்தின் பாடல் காட்சி ஒன்றில் எம்.ஜி.ஆர். முருகனாகத் தோன்றினார், ஜெயலலிதா வள்ளி. தயாரிப்பாளரின் முத்திரை நாயகரின் முத்திரை மேல் ஒரு பாடல் நேரத்துக்கு ஏறி அமர்ந்தது என்று இதைச் சொல்லலாம். பார்வையாளர் யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. கட்சிக் கொடியும் காவடியும் ஒரே வீட்டில் இருந்த காலம் அது.

1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். மறுநாள், பொங்கலுக்கு முந்தைய தினம், 'தாய்க்குத் தலைமகன்' திரைக்கு வந்தது. கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் இருக்கும் அவரது படம் அடுத்த மாதத் தேர்தலில் சுவரொட்டியானது. படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். ஒரு பக்கம் சினிமாச் சுவரொட்டி, மறுபக்கம் தேர்தல் சுவரொட்டி. இரண்டிலும் ஒரே முகம். அந்த ஆண்டு தீபாவளிக்கு, புதிய ஆட்சி அமைந்த சில மாதங்களில், 'விவசாயி' வந்தது.

யானையும் முருகனும்

1968 தீபாவளிக்கு வந்த 'காதல் வாகன'த்துக்குப் பின் மூன்றாண்டுகளுக்கு மேல் எம்.ஜி.ஆர். இல்லை. நட்சத்திரம் இல்லாமல் நிறுவனத்தின் பெயர் மட்டும் நிற்குமா என்பதற்கு வந்த சோதனை அது. தேவரின் விடை சுவையானது. நாயகரின் இடத்தில் அவர் இன்னொரு நாயகரை வைக்கவில்லை. தன் பெயரோடு ஆரம்பம் முதலே ஒட்டியிருந்த இரண்டை முன்னே கொண்டுவந்தார்.

ஒன்று பக்தி. 'துணைவன்' (1969) படத்தில் ஏ. வி. எம். ராஜனும் சௌகார் ஜானகியும் நடித்தார்கள். பால முருகனாக வந்த குழந்தை, பின்னாளில் இந்திய அளவில் புகழ்பெற்ற ஸ்ரீதேவி. 'தெய்வம்' (1972) முருகன் தலங்களை வைத்துப் பின்னிய கதைகளின் தொகுப்பு. அதில் மதுரை சோமு, சூலமங்கலம் சகோதரிகள், சீர்காழி கோவிந்தராஜன், பித்துக்குளி முருகதாஸ் முதலிய பாடகர்களே திரையில் தோன்றினார்கள். கோயில் விழாவிலும் வானொலியிலும் கேட்ட குரல்களுக்கு உரியவர்களைத் திரையில் பார்க்கலாம் என்பதே அந்தப் படத்தின் விளம்பரம். இப்படங்களின் இலக்கு கூட்டம் தெளிவு: குடும்பம், முதியவர்கள், பாதயாத்திரை போகும் பக்தர்கள். வந்த இலாபத்தில் ஒரு பங்கு முருகன் கோயில்களுக்குப் போனது. மருதமலைத் திருப்பணிகளில் அவர் பெயர் இன்றும் பேசப்படுகிறது. கொடை என்பது பக்தி. அதே வேளையில் தேவர் பிலிம்ஸ் என்ற பெயரின் நம்பகத்தைக் கூட்டியது என்பதையும் மறுக்க இயலாது.

மற்றொன்று மிருகம். 1967-ல் 'தெய்வச்செயல்' என்ற படமாக வந்த யானைக் கதை, இந்தியில் 'ஹாத்தி மேரே சாத்தி' (1971) ஆனது. இயக்கம் அதே திருமுகம். நாயகர் அன்று உச்சத்தில் இருந்த ராஜேஷ் கன்னா; நாயகி தனுஜா. பின்னாளில் இந்திப் படவுலகை ஆண்ட எழுத்தாளர் இணை சலீம்–ஜாவேத் திரைக்கதையில் பணிபுரிந்தார்கள். அவ்வாண்டின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று அது. மொழி தெரியாத பார்வையாளரிடம் தாய்ப்பாச வசனத்தைக் கொண்டுபோவது கடினம். ஒரு யானை தன் எசமானுக்காக உயிர்விடும்போது அழுவதற்கு மொழி வேண்டியதில்லை. மெட்ரோ கோல்டுவின் மேயர் படத்தின் தொடக்கத்தில் கர்ஜிக்கும் சிங்கம் உலகெங்கும் ஒரு நிறுவனத்தின் அடையாளமானது. தேவருக்கு மிருகம் தொடக்கச் சின்னமாக மட்டும் இல்லாமல் படத்தின் உள்ளடக்கமாகவே இருந்தது.

அந்தக் கதை 'நல்ல நேரம்' (1972 மார்ச்) என்று தமிழுக்குத் திரும்பியபோது நாயகர் மீண்டும் எம்.ஜி.ஆர்.; இசை கே. வி. மகாதேவன். இருவரும் சேர்ந்த 16 படங்களில் வண்ணத்தில் வந்தது இது ஒன்றே, கடைசியும் இதுவே. அதே ஆண்டு அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கினார். 1977 ஜூனில் முதலமைச்சரானார். பதினாறு படங்கள் சேர்த்த பெயரில் பெரும் பங்கு அவரோடு கோட்டைக்குப் போனது. யானை, பசு, ஆடு ஆகியவை தேவரிடம் மிஞ்சின. குறைத்துச் சொல்ல இதைச் சொல்லவில்லை. 'கோமாதா என் குலமாதா' (1973), ஸ்ரீபிரியாவும் ஓர் ஆடும் முக்கிய வேடமேற்ற 'ஆட்டுக்கார அலமேலு' (1977) ஆகியவை அந்த முத்திரையின் பலத்தில் எடுக்கப்பட்டவை. மிருகங்களைப் படத்தில் பயன்படுத்த 2001-ல் வந்த விதிகளுக்குப் பின் முன்அனுமதி கட்டாயம். அன்றைய தேவர் படங்களை அதே முறையில் இன்று எடுப்பது எளிதன்று.

சின்னப்பா தேவர் 1978 செப்டம்பர் 8 அன்று காலமானார். ஏழு வாரம் கழித்து, தீபாவளிக்குத் தேவர் பிலிம்ஸின் 'தாய் மீது சத்தியம்' வெளியானது. தலைப்பில் தாய், கதையில் குதிரையும் நாயும், நாயகர் ரஜினிகாந்த். அடுத்த ஆண்டு யானைகளோடு 'அன்னை ஓர் ஆலயம்', அதிலும் அவரே. இயக்கியவர் தேவரின் மருமகன் ஆர். தியாகராஜன்.